பத்து டிகிரிக்கு எத்தனை டிகிரி

வள்ளிக்கண்ணுவைப் பொய்க்காரி என்று ஊர் முடிவு கட்டியதற்குக் காரணம் அவள் கைப்பட எழுதிய ஒரு நோட்டுதான்.

மண்ணச்சநல்லூரில் பரக்கத் அலி ரைஸ் மில்லோடு சேர்த்து ஒரு விதைநெல் பிரிவும் நடத்தி வந்தார். அங்கே ட்ரையர் ஓட்டுவது அவள் வேலை. அறுவடையாகி ஈரத்தோடு வரும் நெல்லைச் சூடான காற்றில் காய வைத்து, மறு போகத்துக்கு விதையாக மூட்டை கட்டுவார்கள். ட்ரையர் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மிஷின். அதன் முகத்தில் இரண்டு முள். ஒன்று வெளிக்காற்றின் சூட்டைக் காட்டும், மற்றொன்று உள்ளே போகும் காற்றின் சூட்டை. இரண்டும் பாரன்ஹீட்.

மிஷினை வாங்கிக் கொடுத்து, பொருத்திக் கொடுத்தவன் கலையரசன். திருச்சி தில்லைநகரில் ஆபீஸ் வைத்திருந்தான். மாவட்டத்தில் யார் ட்ரையர் வாங்கினாலும் அவனைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். விதைநெல் விஷயத்தில் பொதுவான விதி ஒன்று உண்டு, வெளிக்காற்றை விடப் பத்து டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு ஏற்றக் கூடாது என்று. கலையரசன் தன் போனில் பத்து செல்சியஸ் என்று அடித்தான். ஐம்பது பாரன்ஹீட் என்று வந்தது. அதை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, மிஷின் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினான்: "வெளிக்காற்று + 50."

வள்ளிக்கண்ணு முதல் நாளே கையை நீட்டிப் பார்த்தாள். உள்ளே போகும் காற்று தோலைச் சுட்டது. இது ரொம்பச் சூடாக இருக்கிறதே, விதை தாங்குமா என்று அவனிடம் கேட்டாள். நீ என்ன படிச்சிருக்கே என்று திருப்பிக் கேட்டான். பத்தாவதில் கணக்கில் பெயில் என்று உள்ளதைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டு, அட்டை சொன்னபடி ஓட்டினாள். மணிக்கொரு தடவை வெளி முள்ளைப் பார்ப்பாள், ஐம்பது கூட்டிக் குமிழைத் திருகி உள் முள்ளை அங்கே நிறுத்துவாள், நோட்டில் எழுதுவாள். வெளியே 90, உள்ளே 140. வெளியே 88, உள்ளே 138. வெளியே 92, உள்ளே 142. மாசி மாதத்தில் ஈர நெல் வந்த நாளெல்லாம் அப்படியே போயிற்று.

ஆவணியில் அந்த விதையை வாங்கிப் போய் நாற்றங்கால் விட்டவர்கள் எட்டு நாள் பார்த்தார்கள், பத்து நாள் பார்த்தார்கள். சேறு சேறாகவே கிடந்தது. அவளுடைய ஊரில் மட்டும் இருபத்திரண்டு பேர். அதில் அவள் புருஷன் மூக்கனும் ஒருவன். மில்லில் ட்ரையரில் போடாமல் நிழலில் உலர்த்தி மாதிரிக்கு எடுத்து வைத்திருந்த பையிலிருந்து ஒரு கைப்பிடி போட்டுப் பார்த்தார்கள், பழுதில்லாமல் முளைத்தது. ஆக, விதை செத்தது ட்ரையரில்தான்.

மில் வாசலில் வைத்து விசாரித்தார்கள். பரக்கத் அலி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விவசாயிகள் சுற்றி நின்றார்கள். வள்ளிக்கண்ணு, அட்டையில் போட்டிருந்தபடிதான் ஓட்டினேன், நோட்டைப் பாருங்கள் என்றாள். கலையரசன் நோட்டை வாங்கிப் புரட்டினான். அட்டையில் ஐம்பது என்று போட்டது தான்தான் என்று மறைக்கவில்லை. பத்து செல்சியஸ் என்றால் ஐம்பது பாரன்ஹீட்தான் என்று சொல்லிப் போனை எல்லோருக்கும் காட்டினான். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஐம்பது என்றுதான் இருந்தது. பிறகு நோட்டைத் தூக்கிப் பிடித்தான்.

"இதுல ஒவ்வொரு வரியும் சரியா அம்பது. ஒண்ணு கூட இல்லை, ஒண்ணு குறைய இல்லை. எந்த மிஷினும் இப்படி நிக்காது. இந்தம்மா மிஷின் பக்கமே போகாம, உக்காந்த இடத்துல அம்பதைக் கூட்டிக் கூட்டி எழுதியிருக்கு. நிஜமான சூடு எங்கேயோ போயிருக்கும்."

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. செத்த விதை கண் முன்னால் கிடக்கிறது, போன் ஐம்பது என்கிறது, அப்படியென்றால் நோட்டு பொய். பரக்கத் அலி அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்திக் கடிதம் கொடுத்தார். அவள் செய்த குற்றத்துக்குச் சாட்சியாக நோட்டின் நகலையும் அதோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். மொத்தம் நூற்று முப்பத்தாறு வரி.

அவள் மணிக்கு மணி எழுந்து போய், வியர்வை ஒழுகத் திருகித் திருகி நிறுத்திய ஐம்பது அது. சரியாக நின்றது அவள் சரியாக நிறுத்தியதால். அதையே காட்டிப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டான். 

ஊரில் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசுபவர்கள் குறைந்தார்கள். பம்புசெட்டில் அவள் துணி துவைக்கப் போனால் மற்றவர்கள் எழுந்து போனார்கள். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால், முளைக்காத விதையை யாரோ வாசல்படியில் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கூட்டி அள்ளினாள். மறுநாளும் கிடந்தது. மூன்றாம் நாள் மூக்கனிடம், நாம் இங்கிருந்து போய்விடலாம் என்றாள். தீபாவளிக்கு முன்னாலேயே ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்துக் குடி வந்தார்கள். மூக்கன் தினமும் பஸ் ஏறி வயலுக்குப் போய் வந்தான். அவளுக்கு ஒரு ஸ்கூலில் சயின்ஸ் லேபில் உதவியாளர் வேலை கிடைத்தது. குழாய்களைக் கழுவ வேண்டும், அலமாரியைத் துடைக்க வேண்டும், கேட்ட சாமானை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

கலையரசனை அவள் ஒரு நாளும் மறக்கவில்லை. அவன் விளம்பரம் பேப்பரில் வந்தால் வெட்டி வைத்துக்கொண்டாள். அவனுக்கு ஒரு கெடுதல் வர வேண்டும் என்று ரங்கநாதரிடமும் வேண்டினாள், சமயபுரத்தாளிடமும் வேண்டினாள். என்ன கெடுதல் என்று அப்போது அவளுக்கே சரியாகத் தெரியாது.

தெரிய வந்தது ஒரு தை மாதத்தில். பழைய அலமாரி ஒன்றை ஒழிக்கும்போது நீளமான தெர்மாமீட்டர்கள் ஒரு பெட்டி நிறைய அகப்பட்டன. சிலவற்றில் செல்சியஸ், சிலவற்றில் பாரன்ஹீட். துடைத்து வைத்தவள், அதில் வகைக்கு ஒன்றை எடுத்து ஒரே கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் விட்டாள். அடியில் பர்னரைப் பற்ற வைத்தாள். முதலில் பார்த்தபோது ஒன்று 30 காட்டியது, மற்றது 86. சற்று நேரத்தில் ஒன்று 40, மற்றது 104. இன்னும் சற்று நேரத்தில் 50, 122. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். எழுதியதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்று பத்து ஏறினால் மற்றது பதினெட்டுதான் ஏறியது. மறுபடியும் சூடாக்கினாள், ஆறவிட்டாள், ஐஸ் போட்டாள். எங்கேயிருந்து ஆரம்பித்தாலும் பத்துக்குப் பதினெட்டு. ஐந்துக்கு ஒன்பது. ஐம்பது எங்கேயும் வரவில்லை.

அப்படியானால் போன் பொய் சொல்லியதா? போனில் பத்து என்று அடித்துப் பார்த்தாள், ஐம்பது. பூஜ்யம் என்று அடித்தாள், முப்பத்திரண்டு. அங்கேதான் அவளுக்குப் பிடிபட்டது. செல்சியஸ் பூஜ்யத்தில் நிற்கும்போதே பாரன்ஹீட் முப்பத்திரண்டில் நிற்கிறது. அது கிளம்புகிற இடத்து வித்தியாசம். ஒரு தடவை கூட்டினால் போதும். பத்து டிகிரி என்ற இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பதினெட்டோடு அந்த முப்பத்திரண்டையும் கூட்டி ஐம்பது என்று போன் சொல்லும். அது சரி. ஆனால் இருக்கிற சூட்டுக்கு மேல் பத்து டிகிரி ஏற்று என்றால், கிளம்புகிற இடத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஏற வேண்டியது பதினெட்டு. அட்டைக்காரன் முப்பத்திரண்டைச் சும்மா தூக்கி அதன் தலையில் வைத்துவிட்டான்.

வெளியே 90 என்றால் அது 32 செல்சியஸ். அவள் நிறுத்திய 140 என்பது 60 செல்சியஸ். பத்து ஏற்ற வேண்டிய இடத்தில் இருபத்தெட்டு ஏற்றியிருக்கிறாள். சரியாகச் செய்திருந்தால் முள் 108-இல் நின்றிருக்க வேண்டும். ஈர விதை அறுபதில் வெந்து செத்ததில் ஆச்சரியம் இல்லை.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியிலிருந்து அந்த நகலை எடுத்தாள். நூற்று முப்பத்தாறு வரியையும் விரலை வைத்துப் படித்தாள். எல்லாம் ஐம்பது. மிஷின் பக்கமே போகாதவளுக்கு வெளி முள் மணிக்கு மணி மாறியது எப்படித் தெரியும் என்று அன்றைக்கு வாதாடத் தெரியவில்லை. இப்போது அதற்கும் அவசியம் இல்லை. அந்த நோட்டு நிஜம் என்றாலே விதை சாக வேண்டும்.

லேபுக்குப் பொறுப்பான விஜயராணி டீச்சர், அவளை விடப் பத்து வயது சின்னவள், மறுநாள் காலண்டர் தாளைப் பார்த்துவிட்டு என்ன இது என்று விசாரித்தாள். வள்ளிக்கண்ணு முழுக் கதையையும் சொன்னாள். டீச்சர் கணக்கைச் சரிபார்த்தாள். ஓர் இடத்திலும் பிசகு இல்லை. உடனே அந்த ஆளுக்கு ஒரு கடிதம் எழுதிவிடலாம், நானே எழுதித் தருகிறேன் என்றாள்.

"வேண்டாம் டீச்சர். தனியா சொன்னா தனியா திருத்திக்குவான். என்னைச் சொன்னது நாலு பேர் முன்னால."

ஒரு விஷயத்தை மட்டும் அவள் உறுதி செய்துகொண்டாள். அவன் ஆபீசுக்கு வாடிக்கையாளர் மாதிரி போன் போட்டு, இப்போது விற்கிற மிஷின்களில் என்ன அளவு என்று கேட்டாள். எல்லாம் செல்சியஸ் டிஜிட்டல்தான், பழைய முள் மிஷின் எதுவும் இப்போது ஓட்டத்தில் இல்லை என்று பதில் வந்தது. இனி யாருடைய விதையும் சாகப்போவதில்லை. ஆகவே காத்திருக்கலாம். அவள் காத்திருந்தாள், ஒரு வருஷமும் ஐந்து மாதமும். நடுவில் பத்தாவது கணக்குப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதி எழுபத்தொன்று வாங்கினாள். அறுவடைக் காலத்தில் மூக்கனை ஈர நெல் கொண்டுவரச் சொல்லி, லேபிலிருந்த சின்ன ஓவனில் பாதியை 42-இலும் பாதியை 60-இலும் காய வைத்து, இரண்டிலும் நூறு நூறு நெல்மணி எண்ணி ஈரத் துணியில் கட்டினாள். 42-இல் காய்ந்ததில் தொண்ணூற்று மூன்று முளைத்தது. 60-இல் காய்ந்ததில் இரண்டு.

ஆனி மாதத்தில் பேப்பரில் விளம்பரம் வந்தது. சமயபுரத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் புது ட்ரையர் அறிமுகம், விவசாயிகள் வரலாம், மதியம் சாப்பாடு உண்டு. சிறப்பு விருந்தினர் பரக்கத் அலி. அவள் லீவு சொன்னாள். இரண்டு தெர்மாமீட்டரைப் பஞ்சில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்தாள், ஒரு பிளாஸ்க் நிறையக் கொதிக்கிற தண்ணீர் எடுத்துக்கொண்டாள். மூக்கன் எங்கே போறே என்று கேட்டதற்கு, சமயபுரம் என்றாள். வேண்டுதலா என்றான். ஆமாம் என்றாள்.

ஹாலில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அவள் ஊர்க்காரர்கள் இரண்டாவது வரிசையில் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கலையரசன் மைக்கில் முக்கால் மணி நேரம் பேசினான். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று அவன் சொன்னதும் அவள் எழுந்து நேராக மேடைக்குப் போனாள். அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் சுருங்கியது. ஆனாலும் கூட்டத்தின் முன்னால் விரட்ட முடியவில்லை.

"ஒரே ஒரு சந்தேகம் சார். பத்து டிகிரி செல்சியஸ் சூடு ஏத்தணும்னா, பாரன்ஹீட்ல எத்தனை டிகிரி ஏத்தணும்?"

அவன் சிரித்தான். "இதை அன்னைக்கே சொன்னேனேம்மா. அம்பது."

அந்தக் கணம் வரைக்கும், இவன் உண்மை தெரிந்தே தன்மேல் பழி போட்டான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்போதுதான் புரிந்தது, இவனுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியவே இல்லை. கோபம் குறையும் என்று பார்த்தால் கூடியது. ஒரு நிமிஷம் நின்று சரிபார்க்கக் கூட இவனுக்குத் தோன்றவில்லை. தோன்றாமலே அவளை ஊரை விட்டு ஓட வைத்திருக்கிறான்.

மேஜையிலிருந்த எவர்சில்வர் ஜக்கின் தண்ணீரை டம்ளர்களில் ஊற்றிக் காலி செய்து, பிளாஸ்கிலிருந்த வெந்நீரை ஊற்றினாள். இரண்டு தெர்மாமீட்டரையும் இறக்கினாள். செல்சியஸ் தெர்மாமீட்டரை அவன் பக்கம் திருப்பினாள். மற்றதைப் பார்க்கச் சொல்லி முன் வரிசையிலிருந்து பரக்கத் அலியைக் கூப்பிட்டாள். அவர் தயங்கித் தயங்கி ஏறி வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஊரே பார்க்கிறது, என்ன செய்வது என்று கலையரசனும் குனிந்தான். எண்பது வரும்போது சொல்லுங்கள் என்றாள்.

"எம்பது" என்றான் அவன்.

"நூத்தி எழுபத்தாறு" என்றார் பரக்கத் அலி.

அவள் டம்ளரிலிருந்த பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினாள். எழுபது வரும்போது மறுபடியும் சொல்லச் சொன்னாள். 

"எழுபது."

"நூத்தி அம்பத்தெட்டு."

"உங்க பக்கம் எத்தனை இறங்கியிருக்கு சார்?" என்று மைக்கில் கேட்டாள்.

 இரண்டாவது வரிசையிலிருந்து ஒருவர், பத்து என்றார்.

"உங்க பக்கம், பாய்?"

பரக்கத் அலி வாய்க்குள்ளேயே கழித்துப் பார்த்தார். "பதினெட்டு" என்றார். மறுபடியும் தெர்மாமீட்டரைப் பார்த்தார், மறுபடியும் பதினெட்டு என்றார்.

கலையரசன் போனை எடுத்தான். பத்து என்று அடித்தால் ஐம்பதுதான் வருகிறது, பாருங்கள் என்று கூட்டத்துக்கு நீட்டினான். அவள் அதற்குத்தான் காத்திருந்தாள். எண்பதையும் அடிங்கள், எழுபதையும் அடிங்கள், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள் என்றாள். அவன் அடித்தான். 176. 158. அவன் விரல் அப்படியே நின்றுவிட்டது. அவன் கழுத்து வியர்ப்பதை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். அவசரப்பட்டு எதையும் தவற விட அவளுக்கு இஷ்டமில்லை.

பிறகு நகலை விரித்து மைக்கில் படித்தாள். வெளியே 90, உள்ளே 140. அட்டை சரியாக இருந்திருந்தால் 108. வெளியே 88, உள்ளே 138. சரியாக இருந்திருந்தால் 106. பத்து வரி படிப்பதற்குள் அவள் ஊர்க்காரர்களே எழுந்து, போதும்மா என்றார்கள்.

"போதாது. நூத்தி முப்பத்தாறு வரி இருக்கு. நான் உக்காந்த இடத்துல எழுதினது. கேளுங்க" என்றாள்.

முழுவதையும் படித்தாள். யாரும் சாப்பிடப் போகவில்லை. அன்றைக்கு ஒரு மிஷினுக்குக் கூட ஆர்டர் விழவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் கலையரசன் ஸ்ரீரங்கத்துக்கு வீடு தேடி வந்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு நின்றான். உள்ளே வாருங்கள் என்று மூக்கன் சொல்ல வாயெடுத்தான், வள்ளிக்கண்ணு கதவை மறித்து நின்றுகொண்டாள். கம்பெனி ஏஜென்சியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்கிறது, விவசாயிகள் போன் போட்டுத் திட்டுகிறார்கள், நீங்கள் ஒரு வார்த்தை சமாதானமாகச் சொன்னால் போதும் என்றான்.

"தெரியாம நடந்ததும்மா."

"தெரியாதது தப்பில்லை. எனக்கும்தான் தெரியாது. நான் ஒரு குவளை தண்ணியைச் சூடாக்கிப் பார்த்தேன். நீங்க படிச்சவரு, அதைச் செய்யல. என்னைப் பொய்க்காரின்னீங்க."

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் முன்னால் வந்து நின்று, நடந்ததை உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றாள். அப்படிச் சொன்னால் கம்பெனியில் பேசுவீர்களா என்றான். மாட்டேன் என்றாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வந்தான். வராமல் போனால் பரக்கத் அலியே அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தார், அது காரணமாகவும் இருக்கலாம். தாளில் எழுதி வைத்திருந்ததைப் படித்தான். தப்பு தன்னுடையது, அட்டை தன்னுடையது, நோட்டில் இருந்தது அத்தனையும் உண்மை. குரல் எழும்பவில்லை. பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை என்று வள்ளிக்கண்ணு சொன்னதால் இரண்டாம் தடவையும் படித்தான்.

அவன் போனதும் பரக்கத் அலி அவளிடம் வந்தார். வேலை நீக்கக் கடிதத்தை ரத்து செய்து, கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினார்.

"அன்னைக்கு நான் விசாரிக்காம விட்டது என் குத்தம்மா. அல்லாவுக்குப் பயந்து சொல்றேன். மில்லுக்கு வந்துடு."

தாளை வாங்கிப் படித்தாள், மடித்து வைத்துக்கொண்டாள். வேலைக்கு வரவில்லை என்றாள். அவர் தலை குனிந்ததைப் பார்த்தும் ஆறுதலாக ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. ஊர்ப் பெண்கள் வந்து கையைப் பிடித்தார்கள், மோர் குடித்துவிட்டுப் போ என்றார்கள். வாசல்படியில் விதை கொட்டியது யார் என்று முதலில் சொல்லுங்கள் என்றாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லவில்லை. அவளும் மோர் குடிக்கவில்லை. பதினோரு மணி பஸ்ஸில் மூக்கனோடு திரும்பிவிட்டாள். இனி ஊருக்கே வந்துவிடலாமே என்று மூக்கன் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டான். உங்களுக்கு வேண்டுமானால் போங்கள், நான் வரவில்லை என்றாள். அவனும் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கலையரசன் தில்லைநகர் ஆபீசை மூடிவிட்டான் என்று கேள்விப்பட்டாள். பெரம்பலூர்ப் பக்கம் யாரோ ஒருவரிடம் சம்பளத்துக்கு இருக்கிறானாம். மறுநாள் லேபில் சாமான்களை அடுக்கிக்கொண்டே விஜயராணி டீச்சரிடம் அதைச் சொன்னாள்.  பழி தீர்த்துக்கொண்டால் அப்புறம் மனசு வெறிச்சென்று ஆகிவிடும் என்பார்களே, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று டீச்சர் கேட்டாள்.

வள்ளிக்கண்ணு யோசித்துப் பார்த்தாள். மனசுக்குள் தேடித்தான் பார்த்தாள்.

"அப்படி ஒண்ணும் இல்லை டீச்சர். நல்லாப் பசிக்குது" என்று சொல்லி, கையைக் கழுவிக்கொண்டு சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தாள்.